சிறு வக்கீல் காரியாலயமும் பேஸ்பால் பேச்சும்

அமெரிக்காவின் உட்பகுதியிலுள்ள சிறு பட்டணங்களில், கவுண்டி நீதிமன்றக் கட்டடம் நடுவே நிற்க, அதைச் சுற்றி நாற்புறமும் வங்கியும் மருந்துக்கடையும் சாப்பாட்டுக் கடையுமாக அமைந்திருக்கும் சதுக்கத்தில், ஏதேனும் ஒரு கடைக்குப் பக்கவாட்டில் மேல்மாடிக்குச் செல்லும் குறுகிய படிகளில் ஏறிப் போனால், கதவுக் கண்ணாடியில் இரண்டு பெயர்கள் எழுதப்பட்டிருக்கும் வக்கீல் காரியாலயம் ஒன்றைப் பெரும்பாலும் காணலாம். காலையில் முதல் கட்சிக்காரர் படியேறி வருவதற்கு முன், அந்த இரண்டு வக்கீல்களும், கடிதம் எழுதுவது முதல் கணக்கு வைப்பது வரையில் எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ளும் குமாஸ்தா அம்மையாரும் காப்பிக் கோப்பைகளுடன் நின்றபடி பேசிக்கொள்ளும் பேச்சு, வசந்தம் தொடங்கி இலையுதிர்காலம் வரும் வரையில், சட்டத்தைப் பற்றியதாக இருப்பது அபூர்வம். முந்தின இரவு நடந்த பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றியதாகவே அது இருக்கும். ஏழாவது இன்னிங்ஸில் பந்து எறிபவரை மாற்றியிருக்க வேண்டாமா, கடைசியாக வந்தவர் அந்தப் பந்தை அடிக்காமல் விட்டிருக்கலாகாதா என்றெல்லாம் விவாதித்த பிறகே அவர்கள் அன்றைய வழக்குக் கட்டுகளைப் பிரிப்பார்கள்.

இதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. சிறு வக்கீல் காரியாலயம் ஒன்றை நடத்துவதிலுள்ள தினசரிச் சிரமங்களை ஆராய்ந்து பார்க்கப் பார்க்க, அவற்றைத் தாங்கிக்கொள்வதற்கு வேண்டிய பாஷையையே இந்த ஆட்டம் அந்த மனிதர்களுக்குக் கொடுத்திருக்கிறது என்ற எண்ணம் எனக்கு வலுப்பட்டு வந்திருக்கிறது.

கிரிக்கெட்டை அறிந்த நமக்குப் பேஸ்பாலின் அடிப்படை விளங்குவது கடினமன்று. ஒருவர் பந்தை எறிகிறார். மற்றொருவர் மட்டையால் அடிக்கிறார். அடித்துவிட்டு, ஒன்றுக்கொன்று 90 அடி தூரத்தில் சதுரமாக அமைந்த நான்கு நிலைகளையும் ஓடிச் சுற்றி வந்து சேர்ந்தால் ஓர் ஓட்டம் கிடைக்கிறது. பக்கத்துக்கு ஒன்பது பேர், ஒன்பது இன்னிங்ஸ், மூன்று பேர் ஆட்டமிழந்தால் முறை மாறும். ஆனால் அந்த ஆட்டத்தின் விசேஷம் அதன் விதிகளைக் காட்டிலும் அதன் நாள்காட்டியில்தான் இருக்கிறது. மேல்நிலைப் பேஸ்பாலில் உள்ள 30 குழுக்களில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஆறு மாதத்துக்குள் 162 ஆட்டங்கள் ஆடவேண்டும். அதாவது அநேகமாக நாள்தோறும் ஓர் ஆட்டம். வாரத்துக்கு ஒரு முறை ஆடும் கால்பந்துக்காரர் தோற்றால் ஆறு நாள் துக்கம் கொண்டாடலாம். பேஸ்பால்காரருக்கு அந்த அவகாசம் இல்லை, மறுநாள் மாலையே அவர் மட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கவேண்டும். ஒரு பருவத்தில் நூறு ஆட்டங்களை வென்ற குழுவை மகா சிறந்த குழு என்று கொண்டாடுகிறார்கள். அந்தக் குழுவும் அறுபத்திரண்டு தடவை தோற்றுவிட்டு வந்ததுதான். பத்துத் தடவை அடிக்கப் போய் மூன்று தடவை வெற்றி பெறுகிறவர் சிறந்த ஆட்டக்காரர். டெட் வில்லியம்ஸ் 1941-ல் ஆயிரத்துக்கு 406 என்ற விகிதத்தை எட்டியது இன்றுவரையில் அதிசயமாகப் பேசப்படுகிறது என்றால், அந்த அதிசய மனிதரும் பாதிக்கு மேற்பட்ட தடவை தோற்றுத் திரும்பினார் என்பதையும் சேர்த்தே நினைக்கவேண்டும்.

சினிமாவில் வரும் அமெரிக்க வக்கீலின் வாழ்க்கை ஒரே ஒரு மகா வழக்கில் அடங்கிவிடுகிறது. ஜூரிகளின் முன் நின்று அவர் பேசும் கடைசிப் பேச்சில் எல்லாம் தீர்ந்துபோகிறது. அந்நாட்டிலுள்ள பதின்மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட வக்கீல்களில் சுயமாகத் தொழில் நடத்துவோரின் பெரும்பகுதியினர் வானளாவும் கட்டடங்களில் நூற்றுக்கணக்கான சகாக்களோடு இருப்பவர்கள் அல்லர். தனியாகவோ, இரண்டு மூன்று பேராகவோ இருப்பவர்கள். அவர்களிடம் வருகிறவர்கள், வீடு வாங்குகிறவர், உயில் எழுத விரும்பும் முதியவர், விவாகரத்துக்கு மனம் துணிந்த பெண், குடித்துவிட்டு மோட்டார் ஓட்டிப் பிடிபட்ட மகனின் தகப்பனார், கடை வாடகை ஒப்பந்தத்தில் ஏமாந்துபோன ரொட்டிக்கடைக்காரர், வேலைத்தலத்தில் கை நசுங்கிய தொழிலாளி ஆகியோரே. இவர்களில் யாருடைய வியவகாரமும் பத்திரிகையில் வரப்போவதில்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் அதுவே அந்த வருஷத்தின் ஒரே விஷயம். வக்கீலுக்கோ அது அறுபது கட்டுகளில் ஒரு கட்டு. இந்த ஏற்றத்தாழ்வுதான் சிறு காரியாலயத்தின் முதல் சிரமம் என்று நான் கருதுகிறேன். தொலைபேசி மணி ஒலிக்கும்போதெல்லாம் அது தலைகாட்டுகிறது. கோர்ட்டிலிருந்து எந்தச் செய்தியும் வராதபோது கட்சிக்காரரிடம் சொல்லுவதற்கு வக்கீலிடம் ஒன்றும் இல்லை. ஆனால், ஒன்றும் இல்லை என்பதைக் கேட்பதற்காகவாவது கட்சிக்காரருக்கு அவருடைய குரல் தேவையாக இருக்கிறது. பதில் பேசாத வக்கீலைப் பற்றித்தான் அந்நாட்டு வக்கீல் சங்கங்களுக்கு ஓயாமல் புகார்கள் போகின்றன.

கட்சிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்ததும் கேட்கும் கேள்வி, எவ்வளவு செலவாகும் என்பது. வக்கீல் அதற்கு, திட்டமாகச் சொல்ல முடியாது, ஒரு 'பால்பார்க்' கணக்குச் சொல்லுகிறேன் என்பார். பால்பார்க் என்பது பேஸ்பால் மைதானம். மைதானத்துக்கு வெளியே போய்விடாத உத்தேசம் என்பது அதன் தாற்பரியம். எதிர்க்கட்சியார் எதிர்பாராத சாட்சி ஒருவரைக் கொண்டுவந்தால், அது வளைந்து வரும் பந்து, 'கர்வ்பால்'. ஒரு சந்திப்பை இன்னொரு நாளைக்கு ஒத்திப்போட வேண்டுமானால், மழையால் ஆட்டம் நின்றுபோன அன்று ரசிகர்களுக்கு வேறொரு நாள் வர அனுமதிக்கும் சீட்டின் பெயரைச் சொல்லி, 'ரெயின்செக்' கேட்பார்கள். இந்தப் பரிபாஷையில் ஒரு கருணை இருக்கிறது. சட்டத்தின் சொற்கள் பாமரரை அச்சுறுத்துகின்றன. தகப்பனாரோடு மைதானத்தில் உட்கார்ந்து சிறுவயதில் கற்ற சொற்களோ அச்சுறுத்துவதில்லை. ஆகையால், நல்ல வக்கீல்கள் இந்த மொழியை மனமறிந்தே கையாளுகிறார்கள்.

ஆனால் இதே உவமை ஓர் இடத்தில் பெருந்தீங்கு செய்திருக்கிறது என்பதையும் சொல்லாமல் விடமுடியாது. அடிப்பவருக்கு மூன்று 'ஸ்ட்ரைக்' (அடிக்கத் தவறிய பந்து, அல்லது அடிக்கத்தக்க எல்லைக்குள் வந்தும் விட்டுவிட்ட பந்து) ஆகிவிட்டால் அவர் ஆட்டமிழந்தார் என்ற விதியைத் தண்டனைச் சட்டத்தில் புகுத்தி, மூன்றாவது குற்றத்துக்கு ஆயுட்காலம் வரையில் நீளக்கூடிய சிறை என்று வாஷிங்டன் மாநிலம் 1993-லும் கலிபோர்னியா 1994-லும் சட்டம் செய்தன. கலிபோர்னியாவில் முன்குற்றங்கள் உடைய ஒருவர், ஒவ்வொன்றும் 399 டாலர் விலையுள்ள மூன்று கால்ஃப் மட்டைகளைத் திருடியதற்காக, குறைந்தது 25 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் என்ற தண்டனை அடைந்தார். 2003-ல் உச்சநீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், அதை நிலைநிறுத்தியது. ஆட்டத்தை உண்மையில் அறிந்தவர் எவரும் இந்த உவமையை ஒப்புக்கொள்ளலாகாது என்பது என் அபிப்பிராயம். மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழந்தவர், மற்ற எட்டுப் பேர் ஆடி முடித்ததும், அதே மாலையில் மறுபடியும் மட்டையோடு வந்து நிற்கிறார். ஆட்டத்தின் உயிரே அந்த மறுவரவில்தான் இருக்கிறது; சட்டம் செய்தவர்கள் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு உயிரை விட்டுவிட்டார்கள்.

மறுபடியும் கட்டணத்துக்கு வருவோம். ஒரு காலத்தில் உள்ளூர் வக்கீல் சங்கமே இன்ன வேலைக்கு இன்ன தொகைக்குக் குறையக்கூடாது என்று ஒரு பட்டியல் அச்சிட்டு வைத்திருந்தது. 1971-ல் வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் வீடு வாங்க முற்பட்ட ஒரு தம்பதி, சொத்துரிமையைச் சரிபார்ப்பதற்குப் பட்டியல்படி சொத்து மதிப்பில் நூற்றுக்கு ஒன்று என்று சொல்லப்படவே, குறைந்த கட்டணத்துக்குச் செய்வார் உண்டா என்று 36 வக்கீல்களுக்குக் கடிதம் எழுதினார்கள். பத்தொன்பது பேர் பதில் எழுதினார்கள். ஒருவராவது குறைத்துச் சொல்லவில்லை. கோல்ட்ஃபார்ப் வழக்கு என்று வழங்கும் அவர்களுடைய வழக்கில் 1975-ல் உச்சநீதிமன்றம், அத்தகைய பட்டியல் போட்டியைத் தடுக்கும் சட்டவிரோத ஏற்பாடு என்று தீர்ப்பளித்தது. இரண்டு ஆண்டு கழித்து, ஃபீனிக்ஸ் நகரில் சாமானியர்களுக்காகக் குறைந்த கட்டணத்தில் காரியாலயம் நடத்திய இரண்டு இளம் வக்கீல்கள் பத்திரிகையில் விளம்பரம் செய்த குற்றத்துக்காகத் தொடரப்பட்ட நடவடிக்கையில், வக்கீல்கள் விளம்பரம் செய்வதை அடியோடு தடுப்பது பேச்சுரிமைக்கு விரோதம் என்றும் முடிவாயிற்று. இவ்விரண்டு தீர்ப்புகளாலும் ஜனங்களுக்கு நன்மையே விளைந்தது. ஆனால் அன்று முதல் சிறு வக்கீல் தம் வேலைக்கு விலை நிர்ணயிக்கும் பாரத்தையும், தம்மைத் தாமே ஊருக்கு அறிவித்துக்கொள்ளும் பாரத்தையும் தனியாகச் சுமக்கிறார்.

பெரும்பாலோர் மணிக்கணக்கில் கட்டணம் வாங்குகிறார்கள். மணி என்றால் முழு மணி அன்று. ஒரு மணியைப் பத்தாகப் பிரித்து, ஆறு ஆறு நிமிஷமாகக் குறித்துவைக்கிறார்கள். ஒரு கடிதம் படித்தது ஒரு பங்கு, தொலைபேசியில் பேசியது இரண்டு பங்கு என்று நாள் முழுவதும் எழுதிக்கொண்டே இருக்கவேண்டும். மாலையில் நினைவுகூர்ந்து எழுதலாம் என்று விட்டவர் பாதியை மறந்துவிடுகிறார். எழுத முடியாத வேலையும் நிறைய இருக்கிறது. அச்சு இயந்திரம் பழுதானதற்கு ஆளை அழைத்தது, காகிதம் வாங்கியது, வராத பாக்கிக்குக் கடிதம் எழுதியது, புருஷனை இழந்த அம்மாள் ஒருத்தி உயில் விஷயம் பேசி முடிந்தபின்னும் எழுந்து போக மனமில்லாமல் உட்கார்ந்திருக்க அவளுக்குத் துணையாக அரைமணி உட்கார்ந்திருந்தது, இவற்றையெல்லாம் யாருடைய பெயரில் எழுதுவது? பேஸ்பாலில் 'தியாக பன்ட்' என்று ஓர் அடி உண்டு: நிலையில் நிற்கும் தம் சகா ஒரு நிலை முன்னேறுவதற்காக, அடிப்பவர் பந்தை மெல்லத் தட்டிவிட்டுத் தாம் ஆட்டமிழக்கிறார். கணக்கெழுதுகிறவர்கள் அதை அவருடைய தோல்வியாகக் கொள்வதில்லை. அவருடைய விகிதத்தில் அது சேருவதே இல்லை. தியாகம் என்றே தனிப் பத்தியில் எழுதுகிறார்கள். காரியாலயத்தின் கணக்குப் புத்தகத்தில் அப்படி ஒரு பத்தி இல்லாதது எனக்கு வருத்தமளிக்கிறது. அந்த அரைமணிகளால்தான் ஓர் ஊரில் ஒரு வக்கீலின் பெயர் நிலைக்கிறது.

விபத்தில் காயமுற்றவர்களின் வழக்குகளில் கட்டணமுறை வேறு: வென்றால் கிடைக்கும் நஷ்டஈட்டில் ஒரு பங்கு, வழக்கமாக மூன்றில் ஒன்று, தோற்றால் ஒன்றுமில்லை. டாக்டர்களின் அறிக்கைக்கும் சாட்சிகளின் வாக்குமூலப் பதிவுக்கும் ஆகும் செலவை அதுவரையில் வக்கீலே முன்பணமாகப் போடுவது வழக்கம். இரண்டு வருஷம் இப்படி ஒரு வழக்கைப் போஷித்துவரும் காரியாலயத்துக்குக் கட்டட வாடகை மாதந்தோறும் தவறாமல் வந்து நிற்கிறது.

இந்த நெருக்கடியில்தான் ஒரு பெரும் சோதனை காத்திருக்கிறது. கட்சிக்காரர் முன்பணமாகக் கொடுத்த கட்டணமும், அவருக்காக வந்த நஷ்டஈட்டுத் தொகையும் வக்கீலின் பணம் அல்ல. அவற்றை 'டிரஸ்ட் அக்கவுண்ட்' என்னும் தனி வங்கிக் கணக்கில் வைத்திருந்து, வேலை முடிய முடியத் தமக்குரியதை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். சிறுதொகைகளாகக் கலந்து கிடக்கும் அந்தப் பணத்துக்கு வரும் வட்டியும் வக்கீலுக்கு இல்லை. 1981-ல் ஃப்ளாரிடா தொடங்கிவைத்த ஏற்பாட்டின்படி, அது ஏழைகளுக்குச் சட்ட உதவி செய்யும் நிதிக்குப் போய்ச் சேருகிறது. நல்ல ஏற்பாடு என்று மனமாரச் சொல்லவேண்டும். வாடகைக்காக அந்தக் கணக்கிலிருந்து ஒரு வாரத்துக்குக் கைமாற்றாக எடுத்து, திரும்பப் போட்டுவிடலாம் என்று எண்ணிய வக்கீல்கள், திரும்பப் போட்டுவிட்ட பிறகும் தொழில் உரிமையை இழந்திருக்கிறார்கள். திருடவேண்டும் என்ற எண்ணமே இல்லாமல், கணக்கெழுதச் சோம்பியதனால் மட்டும் இந்தக் குழியில் விழுந்தவர்களும் உண்டு. சட்டக்கல்லூரியில் மூன்று வருஷம் அரசியல் சாசனமும் ஒப்பந்தச் சட்டமும் படித்தவருக்கு, மாதக் கடைசியில் வங்கிக் கணக்கை ஒத்துப்பார்ப்பது எப்படி என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

பணத்தைக் காட்டிலும் அவரைத் தூக்கத்தில் எழுப்புவது தேதி. மோட்டார் விபத்தில் அடிபட்டவர் வழக்குத் தொடுக்க நியூயார்க்கில் பொதுவாக மூன்று வருஷமும், கலிபோர்னியாவில் இரண்டு வருஷமும், டென்னஸியில் ஒரே ஒரு வருஷமும் காலவரம்பு. எதிர்க்கட்சி நகராட்சியாகவோ அரசாங்கமாகவோ இருந்தால் அதற்கும் மிக முன்னதாகவே அறிவிப்புக் கொடுக்கவேண்டியிருக்கும். அந்தத் தேதி ஒரு நாள் கடந்தால், எவ்வளவு நியாயமான வழக்கும் செத்த வழக்கு. கட்சிக்காரர் இழந்த நியாயத்துக்கு வக்கீலே ஈடுகொடுக்க நேரும். ஆகையால் சீரான காரியாலயங்களில் தேதிகளை இரண்டு இடத்தில் எழுதிவைக்கிறார்கள். வக்கீலின் நாள்காட்டி ஒன்று, குமாஸ்தாவின் நாள்காட்டி ஒன்று. திங்கட்கிழமை காலையில் இரண்டையும் ஒருவர் படிக்க ஒருவர் சரிபார்க்கிறார்கள். இத்தகைய தவறுகளுக்கு ஈடாக சுயமாகத் தொழில் நடத்தும் ஒவ்வொரு வக்கீலும் காப்புறுதி எடுத்தே ஆகவேண்டும் என்று ஓரிகன் மாநிலம் 1978 முதலும் ஐடஹோ 2018 முதலும் விதித்திருக்கின்றன. பெரும்பாலான மாநிலங்களில் அந்தக் கட்டாயம் இல்லை, இருக்கவேண்டும் என்பதே என் கருத்து.

பேஸ்பால் மைதானத்தின் பெரும்பலகையில் ஒவ்வொரு குழுவின் பெயருக்கு நேரே மூன்று எண்கள் வரும்: ஓட்டங்கள் எத்தனை, அடிகள் எத்தனை, தவறுகள் எத்தனை. சாதாரண முயற்சியால் பிடித்திருக்கவேண்டிய பந்தை ஒருவர் நழுவவிட்டால், அது 'எர்ரர்' என்று அவருடைய பெயரிலேயே எழுதப்பட்டு, நாற்பதாயிரம் பேர் பார்க்க அங்கே நிற்கிறது. அவரும் அதே இடத்தில் நின்றுகொண்டு அடுத்த பந்தை எதிர்பார்க்கிறார். தவறே நேராது என்று பாவனை செய்யாமல், தவறுக்கென்று ஓர் இடம் ஒதுக்கிவைத்து, அதை எழுதிக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்வது என்ற இந்த முறை தொழில் செய்கிறவர்களுக்கு எவ்வளவு அவசியமானது என்பதை, தவறை மறைத்ததனால் பாழான காரியங்களைக் கண்டவர்கள் அறிவார்கள். விட்டுப்போன தேதியைக் கட்சிக்காரரிடம் அன்றே சொல்லிவிட்ட வக்கீலுக்கு ஏதோ ஒரு வழி பிறக்கிறது. மறைத்தவருக்கு அந்தத் தவறு இரண்டாகிறது.

எந்த வழக்கை ஏற்பது என்பது அடுத்த சிக்கல். டெட் வில்லியம்ஸ் அடிக்கும் கலையைப் பற்றித் தாம் எழுதிய புத்தகத்தில், அடிப்பவருக்கு எதிரே பந்து வரக்கூடிய இடத்தை எழுபத்தேழு பந்துகள் அடுக்கிய கட்டமாகப் பிரித்து, ஒவ்வோர் இடத்தில் வரும் பந்துக்கும் தம்மால் எவ்வளவு விகிதத்தில் அடிக்க முடியும் என்று குறித்திருந்தார். நடுவே வந்தால் ஆயிரத்துக்கு 400, கீழே வெளி மூலையில் வந்தால் 230. தமக்கு ஏற்ற பந்துக்காகப் பொறுத்திருப்பதே கலையின் சாரம் என்பது அவர் கண்ட முடிவு. சிறு வக்கீலும் இதை நன்கு அறிவார். தமக்குப் பழக்கமில்லாத சட்டத்துறையில் வரும் வழக்கும், நான்கு வக்கீல்களை மாற்றிவிட்டு ஐந்தாவதாக வருகிற கட்சிக்காரரும் வெளி மூலைப் பந்துகள் என்பதை முதல் பத்து நிமிஷத்திலேயே உணர்ந்துவிடுவார். ஆனால் வாடகை நாளும் குமாஸ்தாவின் சம்பள நாளும் நெருங்கும்போது பொறுத்திருப்பது எளிதன்று. வழக்குக் கோர்ட்டில் பதிவான பிறகு, கட்சிக்காரர் பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டாலும், நீதிபதியின் அனுமதி இல்லாமல் வக்கீல் விலகிவிட முடியாது.

ஏற்க விரும்பும் வழக்கையும் ஏற்க முடியாமல் போவது உண்டு. சிற்றூரில் இது அடிக்கடி நேருகிறது. கண்கலங்கி வந்து உட்காரும் பெண்ணின் கணவருக்கு இந்தக் காரியாலயத்தின் மற்றொரு பங்காளி வேறு ஒரு வியவகாரத்தை நடத்திக்கொண்டிருப்பார். ஒருவருக்கு விசுவாசமாக இருந்துகொண்டு அவருக்கு எதிராக இன்னொருவரை ஏற்கலாகாது. காரணத்தைச் சொல்லவும் முடியாது, ஏனெனில் கணவர் இங்கே வந்தார் என்பதே அந்தரங்கம். ஆகவே, மன்னிக்கவேண்டும், எங்களால் இயலாது என்று மட்டும் சொல்லி, அடுத்த தெருவிலுள்ள வக்கீலின் விலாசத்தை எழுதிக்கொடுத்து அனுப்பவேண்டும். அந்தப் பெண் அதைக் கல்நெஞ்சம் என்று எண்ணிக்கொண்டு படியிறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது தொழிலின் கடினமான கடமைகளில் ஒன்று.

பெரிய நகரத்து ஸ்தாபனங்களுக்கு எதிரில் சிறு காரியாலயத்துக்கு உள்ள மூலதனம் ஊரறிவு. இதற்கும் ஆட்டத்தில் ஓர் ஒப்புமை உண்டு. ஸ்ட்ரைக் எல்லை, அடிப்பவருக்குப் பக்கத்தில் தரையில் பதித்த 17 அங்குல அகலமுள்ள பலகைக்கு நேர் மேலே, முழங்காலுக்கும் நடுமார்புக்கும் இடைப்பட்டது என்று விதி சொல்லுகிறது. ஆயினும் நெடுங்காலமாக அதை நிர்ணயித்து வந்தது அம்பயரின் கண்தான். நீதிபதி என்பவர் அம்பயரைப் போன்றவர் என்று ஜான் ராபர்ட்ஸ் 2005-ல் தலைமை நீதிபதி நியமனத்துக்கான செனட் விசாரணையில் சொன்னது பிரசித்தம். கவுண்டி வக்கீல்கள் அந்த உவமையைத் தங்கள் அனுபவத்தால் நிறைத்துக்கொண்டிருக்கிறார்கள்: இந்த நீதிபதி இருபது பக்கத்துக்கு மேல் படிக்கமாட்டார், அந்த நீதிபதியிடம் ஐந்து நிமிஷம் தாமதமாகப் போனால் அன்றைய நாள் போயிற்று, இன்னொருவர் சமரசத்துக்கு ஒரு முறையேனும் உட்காராதவர்களின் வாதத்தைக் காதில் வாங்கமாட்டார் என்பன எந்தப் புத்தகத்திலும் இல்லாத சட்டங்கள்.

இந்தத் தொழிலில் எல்லோரும் நிலைத்துவிடுவதில்லை. மிச்சிகன் சர்வகலாசாலையில் 1911-ல் சட்டப் பட்டம் பெற்ற ஓர் இளைஞர், ஐடஹோவிலுள்ள பாய்ஸி நகருக்குப் போய் நண்பர்களுடன் சேர்ந்து காரியாலயம் திறந்தார். கட்சிக்காரர்கள் வரவில்லை, சில காலத்துக்குள் அதை மூடிவிட்டுப் பேஸ்பாலுக்கே திரும்பினார். அவர்தான் பிராஞ்ச் ரிக்கி. மேல்நிலை ஆட்டத்தில் கறுப்பர்களுக்கு இடமில்லை என்று அறுபது ஆண்டுக்கு மேலாக நிலவிய அநீதியை உடைத்து, ஜாக்கி ராபின்ஸனை 1945-ல் ஒப்பந்தம் செய்து, 1947 ஏப்ரல் 15-ஆம் தேதி புரூக்ளின் மைதானத்தில் இறக்கியவர் அவரே. பாய்ஸியில் கட்சிக்காரர்கள் வந்திருந்தால் அவர் அந்தப் படிகளிலேயே ஏறி இறங்கிக் காலம் கழித்திருப்பார். அதே புரூக்ளினில், சோனியா ஸோடோமேயர் அரசாங்க வக்கீல் வேலையில் இருந்த காலத்திலும் அதை விட்ட பின்னும், 1980-களில், தம் வீட்டிலிருந்தபடியே ஒரு சிறு வக்கீல் தொழிலை நடத்தினார். பின்னர் நியூயார்க்கில் ஃபெடரல் நீதிபதியாக இருந்தபோது, 1994 ஆகஸ்டில் தொடங்கி அவ்வாண்டின் உலகத்தொடர் ஆட்டங்களையே நிறுத்திவிட்ட ஆட்டக்காரர் வேலைநிறுத்தத்தில், 1995 மார்ச் 31-ஆம் தேதி முதலாளிகளுக்கு எதிராக அவர் பிறப்பித்த தடையுத்தரவே ஆட்டம் மறுபடி தொடங்கக் காரணமாயிற்று.

லிங்கன்கூட ஸ்பிரிங்ஃபீல்டில் சிறு காரியாலயம் நடத்தியவர்தான். 1844 முதல் அவருடைய பங்காளி ஹெர்ண்டனும் அவருமாக இருந்த அந்தக் காரியாலயத்தில் கட்டணத்தைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆனால் காகிதங்களின் ஒழுங்கைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. லிங்கன் முக்கியமான கடிதங்களைத் தம் உயரமான தொப்பிக்குள் வைத்துக்கொண்டு திரிந்தார் என்றும், வேறெங்கும் கிடைக்காதவற்றை இதற்குள் தேடுக என்று மேலே எழுதிய ஒரு கட்டு மேஜையில் கிடந்தது என்றும் ஹெர்ண்டன் நினைவுகூர்ந்திருக்கிறார். லிங்கனுக்குப் பொருந்தியது பிறருக்குப் பொருந்தாது. தனியாகத் தொழில் செய்யும் வக்கீல் திடீரென்று மாண்டுபோனால், அவருடைய தொப்பிக்குள் இருந்ததை யார் கண்டுபிடிப்பது?

அமெரிக்க வக்கீல் சங்கத்தின் மாதிரி ஒழுக்க விதிகளுக்கு எழுதப்பட்ட விளக்கம் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு, தனியாகத் தொழில் செய்கிறவர் ஒவ்வொருவரும், தமக்கு மரணமோ இயலாமையோ நேர்ந்தால் தம் கட்டுகளைப் பிரித்துப் பார்த்துக் கட்சிக்காரர்களுக்கு அறிவிக்கவும், அவசரமாகச் செய்யவேண்டியதைச் செய்யவும் வேறொரு வக்கீலை முன்கூட்டியே குறிப்பிட்டு வைக்கவேண்டியிருக்கலாம் என்று சொல்லுகிறது. தம்முடைய மரணத்தை ஒரு தாளில் எழுதி மேஜை அறையில் வைக்க யாருக்கும் கை எழுவதில்லை. ஆகையால் பலர் செய்யாமலே காலம் தாழ்த்துகிறார்கள். செய்தவர்களின் காரியாலயத்திலோ, அந்தத் தாளை வைத்தது முதல் ஒவ்வொரு கட்டும் வேறு விதமாக எழுதப்படுகிறது.

இங்கிலாந்தில் பிறந்து, சிறுவயதில் புரூக்ளினுக்கு வந்து, முதலில் கிரிக்கெட்டையும் பின்பு பேஸ்பாலையும் பற்றிப் பத்திரிகைகளில் எழுதிவந்த ஹென்றி சாட்விக் என்பவர், சென்ற நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டிலேயே ஆட்டத்தைத் தாளில் எழுதிவைக்கும் முறை ஒன்றை உருவாக்கினார். இன்று வழங்கும் முறையில் பந்து எறிபவர் ஒன்று, அவருக்கு எதிரே பிடிப்பவர் இரண்டு, முதல் நிலைக்காரர் மூன்று என்று ஒன்பது பேருக்கும் எண் உண்டு. மூன்று ஸ்ட்ரைக்கில் வீழ்ந்தவருக்கு 'கே' என்ற எழுத்து. ஆறு, நான்கு, மூன்று என்று எழுதியிருந்தால், பந்து யாரிடமிருந்து யாரிடம் போய் எப்படி இரண்டு பேர் ஆட்டமிழந்தார்கள் என்பது, அந்த மைதானத்தைக் கண்ணால் காணாதவருக்கும், ஐம்பது ஆண்டு கழித்துப் படிப்பவருக்கும் தெள்ளத்தெளிவாக விளங்கும். நல்ல வழக்குக் கட்டையும் அப்படித்தான் எழுதுகிறார்கள்: கட்சிக்காரர் எந்த நாளில் வந்தார், என்ன சொன்னார், என்ன வாக்களித்தோம், எதிர்க்கட்சி வக்கீலிடம் எதைப் பேசினோம், காலவரம்பு முடியும் தேதி எது, டிரஸ்ட் அக்கவுண்டில் அவருடைய பணம் எவ்வளவு கிடக்கிறது என்று, எழுதியவரைக் கேட்காமலே விளங்கும்படி.

ஓர் ஊரில் ஒரு வக்கீல் காலமானால், சவ அடக்கம் முடிந்த மறுநாள் காலையில், பல வருஷம் கோர்ட்டில் அவருக்கு எதிர்ப்பக்கத்தில் நின்று வாதாடிய வேறொரு வக்கீல் அந்தப் படிகளில் ஏறி வருகிறார். குமாஸ்தா அம்மையார் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, நாள்காட்டியைக் கொண்டுவந்து வைக்கிறார். அவர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு, மிகச் சமீபத்தில் காலவரம்பு முடியும் கட்டு எது என்று கேட்டு, அதை முதலில் பிரிக்கிறார்.